லஸ்ஸு எறங்கு!

மயிலாப்பூர் லஸ் கார்னர்ல ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க பாஸ். கண்ணுக்கு லீவு கொடுத்துட்டு காதைத் தீட்டுங்க. பஸ் வந்து நிற்கும். 'லஸ்ஸு எறங்கு, லஸ்ஸு எறங்கு'ன்னு கண்டக்டர் கத்துவார். 'லஸ்' போர்த்துக்கீசியச் சொல். அர்த்தம், ஒளி. பக்கத்துல இருக்கிற பிரகாச மாதா கோயில் கொடுத்த பேர். கோயில் கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. தொல்காப்பியரைக் கேட்டால், 'ல'வில் தமிழ்ச் சொல் தொடங்கவே கூடாது. அதைக்கூட விட்டுட்டோம். ஆனா வல்லின மெய்யோடு சொல்லை முடிக்க நம்ம வாய் இன்னைக்கும் ஒத்துக்காது. அதான் கடைசியில ஒரு குட்டி 'உ'.

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு வாங்க. கிளிப்பு, பெல்ட்டு, செட்டு... கடைக்குக் கடை 'உ' மழை!

ஹவாய் மொழின்னு ஒண்ணு இருக்கு. மெய்யொலி மொத்தமே எட்டுதான். 'ஸ்' கிடையாது, 'ர்' கிடையாது, ரெண்டு மெய் சேர்ந்து வராது, எந்த அசையும் உயிரில்தான் முடியணும். அந்த ஃபில்டருக்குள்ள 'கிறிஸ்மஸ்'ஸை இன்புட்டா கொடுத்தா, அவுட்புட் 'கலிக்கிமாக்கா'! அதை அவங்க வாழ்த்து அட்டையிலேயே அச்சடிக்கிறாங்க.

நம்ம ஊர்ல? எங்க கிளாஸ்ல ஒரு பையன், தமிழ் மீடியம். செமினார்ல 'இஸ்கூல்'னு ஆரம்பிச்சான். பின் பெஞ்ச் குபீர்னு சிரிச்சது. அதுக்கப்புறம் மூணு செமஸ்டர், கிளாஸ்ல அவன் வாயே திறக்கலை. குரூப் டிஸ்கஷன்லயும் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தான். (சிரிச்ச கும்பல் அன்னைக்கு சாயங்காலம் 'பஸ்ஸு வந்துடுச்சு'ன்னு கத்திக்கிட்டே ஓடினது தனிக்கதை.) கம்பர் ராமனுக்கு முன்னால ஒரு 'இ' போட்டா இலக்கணம், அவன் ஸ்கூலுக்கு முன்னால போட்டா காமெடியா? வாய்க்கு வராத தொடக்கத்துக்கு ஒரு உயிரை முன்னாடி நிறுத்துறது, ரெண்டு இடத்துலயும் அதே வேலைதான்.

அடுத்து அடையாறு. 'ர', 'ற' ரெண்டும் சென்னை வாயில எப்பவோ ஒண்ணாயிடுச்சு. ஹாஸ்டல்ல நாகர்கோவில் பக்கத்து ஆள் யாராச்சும் இருந்தா 'அரம்', 'அறம்' சொல்லச் சொல்லிப் பாருங்க, வித்தியாசம் காதுல விழும். திரு.வி.க. பாலத்து மேல நின்னா கீழே ஓடுறது ஆறு. ஆனா பலகைகள்ல பாதி 'அடையார்'. இங்கிலீஷ் சொல்லுக்கெல்லாம் நாம ஒரு 'உ' சேர்த்தோம். வெள்ளைக்காரர் நம்ம ஆத்துல இருந்த ஒரு 'உ'வை எடுத்துட்டுப் போயிட்டார்.