ஐந்து கையுறைகள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஆபட்ஸ் ஆன் என்றொரு சிற்றூர். அங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தில், கூரையை ஒட்டிய சுவரில் நாற்பதுக்கும் மேற்பட்ட காகிதக் கிரீடங்கள் தொங்குகின்றன. மணமாகாமல், நடத்தையில் களங்கமில்லாமல் இறந்தவர்களுக்கு ஊர் செய்யும் மரியாதை. ஆண்களுக்கும் உண்டு. அவ்வூரிலேயே பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே அடக்கமாகியிருக்க வேண்டும். ஹேசல் மரக் குச்சியை வளைத்துக் கட்டி, கறுப்பும் வெள்ளையுமாகக் காகிதப் பூ ஒட்டுவார்கள். அதெல்லாம் சரி, கூடவே ஐந்து காகிதக் கையுறைகளை எதற்குத் தொங்கவிட்டார்கள்?

அந்த நாட்டில் கையுறையை வீசினால் ‘துணிவிருந்தால் வா’ என்று பொருள். சவ ஊர்வலத்தில் வெள்ளை உடுத்திய இரண்டு பெண்கள் கிரீடத்தைச் சுமந்து வருவார்கள். பிறகு மூன்று வாரம் அது எல்லார் கண்ணிலும் படும்படி மாடத்தில் தொங்கும். செத்தவரின் ஒழுக்கத்தில் குறை சொல்ல நினைப்பவர் அதற்குள் சொல்லிவிட வேண்டும். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் கிரீடம் மேலே ஏறும். தானாக இற்று விழும்வரை அங்கேதான். ஊர்வம்புக்குக் கெடு வைத்தவர்களை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. நமக்கெல்லாம் மூன்று தலைமுறை போதாது.

வழக்கம் பழையது. ஹாம்லெட் நாடகத்தில், தற்கொலையோ என்ற சந்தேகத்துக்கு ஆளான ஒஃபீலியாவுக்குக் கன்னி மாலை அனுமதித்ததையே ஒரு பெரிய சலுகையாகச் சொல்லிக் காட்டுகிறார் பாதிரியார். ஆபட்ஸ் ஆன் கிரீடங்களில் மூத்தது 1740-ஐச் சேர்ந்தது. கடைசியானது 1973-இல், எழுபது தாண்டிய ஒரு மூதாட்டிக்கு. அவரோடு மல்லுக்கு நிற்க யார் வரப்போகிறார்கள்!

இந்தத் தேவாலயத்தை 1716-இல் தம் செலவில் கட்டிக்கொடுத்தவர் நமக்குப் பழக்கமான ஆள்தான்: 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட். நுங்கம்பாக்கம், திருவொற்றியூர் உட்பட ஐந்து ஊர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கித் தந்தவர். அதற்கு முன் கம்பெனியை மீறித் தனி வியாபாரம் செய்து, அபராதத் தண்டனைக்கும் ஆளானவர். 1702 வாக்கில் 410 காரட் வைரம் ஒன்றை ஜம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு வாங்கினார். 1717-இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு விற்றபோது விலை 1,35,000 பவுண்டு. ஜம்சந்தை மிரட்டிப் பறித்தார் என்று, விற்பதற்கு முன்பே ஊர் பேசியது. 1710-இல், நாடு திரும்பும் வழியில், நார்வேயின் பெர்கன் நகரில் உட்கார்ந்து, நேர்மையாகத்தான் வாங்கினேன் என்று கடவுள் சாட்சியாக எழுதி வைத்தார்.

பிட்டுக்குக் கையுறைச் சோதனை கிடையாது. பிள்ளைகுட்டிக்காரர், அடக்கமானதும் வேறு ஊரில். கூலிக்காரன் மகளின் நடத்தையை மூன்று வாரம் கடை விரித்துக் கேட்பார்கள். கோயில் கட்டிய காசு எப்படி வந்தது என்று கேட்க ஒரு காகிதக் கையுறைகூட இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஹாம்ப்ஷயர் பக்கம் போகிறவர்கள் அண்ணாந்து பாருங்கள். வைரமோ பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது.