கயிறில்லாத உடும்பு

"இது ஏண்டா வாயை மட்டும் தொறந்து தொறந்து மூடுது?" என்று பாட்டி கேட்டபோது, அவனுக்கு அழுகை வராத குறைதான்.

அனிமேஷன் படிப்பை முடித்துவிட்டு அன்றுதான் வீடு திரும்பியிருந்தான். பயிற்சி மையத்துக் கணினியில், மாயா மென்பொருளில் நான்கு மாதம் உழைத்து ஓர் உடும்பை உருவாக்கியிருந்தான். உடலை வளைத்து, வாலை இழுத்துக்கொண்டு அது நடக்கும் நடையைக் காட்டித்தான் வேலை கேட்கப் போகிறான்.

மாயாவுக்குச் சந்தா கட்டும் வசதி வீட்டில் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர்தான் கதி. அதனால் உடும்பை எஃப்பிஎக்ஸ் கோப்பாக மாற்றி, பென் டிரைவில் எடுத்து வந்திருந்தான். கனடாவின் கேதாரா நிறுவனத்தில் பிறந்த கோப்பு வகை அது. இன்று மாயாவின் சொந்தக்காரரான ஆட்டோடெஸ்க்கிடம் இருக்கிறது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு உருவங்களைக் கொண்டுபோகப் பலரும் நம்புவது இதைத்தான்.

பிளெண்டரில் திறந்தால், உடும்பு வெளிறிக் கிடந்தது. உள்ளிருக்கும் எலும்புகள் மீன்முள் மாதிரி குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தன. கால் அசையவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

நிறத்தையும் எலும்பையும் சீக்கிரமே சரிசெய்துவிட்டான். தோலின் பளபளப்பை இரண்டு மென்பொருள்களும் வேறு வேறு விதமாக எழுதி வைக்கின்றன; படங்களை மறுபடி இணைத்தால் போதும். எலும்பு எந்த அச்சில் நீள வேண்டும் என்பதிலும் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. அதை நிமிர்த்த, கோப்பைத் திறக்கும் இடத்திலேயே ஒரு வசதி உண்டு. ஆனால், நடை?

பாட்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கும்பகோணத்துல பொம்மலாட்டம் பாத்திருக்கேன். பொம்மையை மட்டும் பொட்டியில வெச்சு எடுத்துட்டு, கயித்தை விட்டுட்டு வந்தா ஆடுமாடா?"

அவனுக்குச் சுரீர் என்றது. மாயாவில் அவன் கால் எலும்பைத் தொட்டதே இல்லை. பாதத்தைச் சுற்றி வளையங்கள் வைத்து, அவற்றைத்தான் நகர்த்தினான். அவை எலும்பை இழுத்தன. வளையங்கள்தான் கயிறு. அசைவெல்லாம் கயிற்றில் பதிந்திருந்தது; பொம்மை மட்டும் ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. தாடையை மட்டும் அவசரத்தில் எலும்பைப் பிடித்தே அசைத்திருந்தான். அதனால்தான் வாய் பிழைத்தது.

பிக்சார் 2016ல் பொதுவில் விட்ட யுஎஸ்டி, 2017ல் வந்த ஜிஎல்டிஎஃப் 2.0 ஆகிய கோப்பு வகைகளிலும் இதே கதைதான். எலும்பு போகும், அசைவு போகும், கயிறு போகாது.

வழி ஒன்று உண்டு. கோப்பாக மாற்றும்போது 'பேக் அனிமேஷன்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், அந்த 24லும் ஒவ்வொரு எலும்பும் எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டு, எலும்பின் மேலேயே எழுதிவிடும். பிறகு கயிறே தேவையில்லை.

மையத்தில் அவனுடைய கணக்கு மாதக் கடைசிவரை உண்டு. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தான். ஒரே ஒரு டிக். சாயங்காலம், வீட்டுத் திரையில் உடும்பு நடந்தது.

"நல்லாருக்கு. வாலை இன்னும் கொஞ்சம் ஆட்டேன்" என்றார் பாட்டி.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். வாலின் ஒவ்வோர் எலும்பிலும் ஃபிரேமுக்கு ஒரு பதிவு. ஒன்றை மாற்றினால் அக்கம்பக்கத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நடை வந்துவிட்டது, நடக்க வைக்கும் கயிறு இன்னும் அந்தக் கணினியில்தான்.

அன்றிரவு பிளெண்டரில் புதிதாக வளையங்களை வைக்க ஆரம்பித்தான். எது எதை இழுக்க வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான்கு மாதம் கட்டிய கை.

"எதுலேருந்து ஆரம்பிக்கட்டும் பாட்டி?"

"வாலுக்குக் கட்டுடா முதல்ல!"