ஹார்வர்டின் முக்கோண ஆசனம்

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிய தலைமை ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது நேயர்களுக்குத் தெரிந்த விஷயமே. அவர் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுவார். ஒரு ரோஜாப்பூ மாலை, ஒரு எலுமிச்சம்பழம். உபாத்தியாயர்களில் இருவர் எழுந்து, இவரைப் போன்ற தலைவர் கிடைப்பது பூர்வ புண்ணியம் என்று பேசுவார்கள். அதற்குள் மூன்றாவது பீரியடுக்கு மணி அடித்துவிடும். இருபது வருஷ உத்தியோக காலத்தில் ஐந்து பேருக்கு மாலை வாங்கி வந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆகையால், ஒரு கலாசாலைத் தலைவரைப் பதவியில் அமர்த்துவதற்கென்றே பழைய சாசனமும் முத்திரையும் வெள்ளிச் சாவியும் ஆசனமும் வைத்துக் காப்பாற்றி வரும் இடம் ஒன்று உண்டு என்று அறிந்தபோது, அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை உண்டாயிற்று. கோடை விடுமுறையில் அமெரிக்காவில் இருக்கும் என் தமக்கை மகன் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் அந்த ஆசை நிறைவேறியது.

பாஸ்டன் நகரத்தின் பார்க் தெரு ஸ்டேஷனில், பூமிக்கடியில் ஓடும் ரெயிலில் ஏறினோம். சற்று நேரத்தில் ரெயில் வெளிச்சத்துக்கு வந்து, சார்லஸ் நதியின் பாலத்தைக் கடந்தது. நதியில் பாய்மரப் படகுகள் வெள்ளைக் கொக்குகளைப் போல் நின்றன. நன்றாகப் பார்ப்பதற்குள் ரெயில் மறுபடியும் பூமிக்குள் புகுந்துவிட்டது. மேலே ஏறி வந்தால் ஹார்வர்டு சதுக்கம். ஊரின் பெயர் கேம்பிரிட்ஜ். இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில் படித்தவர்கள் பலர் இங்கே குடியேறியபடியால், 1638-ம் வருஷத்தில் அந்தப் பெயரையே இதற்கும் இட்டுவிட்டார்கள். கலாசாலை அதற்கும் இரண்டு வருஷம் மூத்தது. மாஸசூஸெட்ஸ் குடியேற்றத்தின் சட்டசபை 1636-ம் வருஷத்தில் 400 பவுன் ஒதுக்கி அதை ஏற்படுத்தியது.

ஹார்வர்டின் பழைய பகுதிக்கு 'யார்டு' என்று பெயர். நாம் முற்றம் என்று சொல்லலாம். செங்கல் கட்டடங்கள், நடுவே புல்தரை, உயர்ந்த மரங்கள். 1720-ம் வருஷத்தில் கட்டிய மாஸசூஸெட்ஸ் மாளிகை இன்றும் உறுதியாக நிற்கிறது. அதில்தான் தலைவரின் காரியாலயம். வெள்ளைக் கல்லால் ஆன யூனிவர்ஸிடி மாளிகைக்கு முன்னால் ஜான் ஹார்வர்டின் வெண்கலச் சிலை உட்கார்ந்திருக்கிறது. சிலையின் கீழே, பெயருக்குப் பின்னால் ஸ்தாபகர் என்றும் 1638 என்றும் பொறித்திருக்கிறார்கள். அவர் ஸ்தாபகர் அல்ல. தம் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் கலாசாலைக்கு எழுதி வைத்துவிட்டு இறந்த புண்ணியவான். ஸ்தாபித்த வருஷமும் 1638 அல்ல. முகமாவது அவருடையதா என்றால் அதுவும் இல்லை. அவருடைய உருவப்படமே கிடையாது. 1884-ம் வருஷத்தில் சிற்பி ஒரு வாலிபனை முன்னால் உட்கார வைத்துச் செய்தார். இதனால் 'மூன்று பொய்ச் சிலை' என்று பெயர் வந்திருக்கிறது. யாத்திரிகர்கள் தொட்டுத் தொட்டு அதன் கால் கட்டைவிரல் மட்டும் தங்கம்போல் பளபளக்கிறது. தொட்டுக் கும்பிடும் பழக்கம் நமக்கே உரியது என்று நினைத்திருந்தேன்!

அந்த மாளிகையைச் சுற்றிப் பின்பக்கம் போனால் விசாலமான ஒரு புல்வெளி. வடக்கே ஊசிக் கோபுரம் கொண்ட மாதா கோயில். தெற்கே பெரிய படிக்கட்டும் தூண்களுமாக வைடனர் புத்தகசாலை. 1912-ம் வருஷத்தில் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிப்போன மகனின் ஞாபகமாக ஒரு தாய் கட்டிக் கொடுத்தது அது. இடையிலுள்ள புல்வெளிக்கு 'முந்நூறாண்டுத் தியேட்டர்' என்று பெயர். கூரையும் இல்லை, திரையும் இல்லை. 1936-ம் வருஷத்தில் முந்நூறாவது ஆண்டு விழா அங்கே நடந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. நாங்கள் போனது மே மாதக் கடைசி. பட்டமளிப்பு விழாவுக்காக வரிசை வரிசையாக நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய தலைவரைப் பதவியில் அமர்த்துவதும் இந்த இடத்தில்தான். இந்தக் கலாசாலையில் தமிழுக்கென்று ஓர் ஆசனம் ஏற்படுத்த உலகமெங்குமுள்ள தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டியதும், நம் தமிழ்நாட்டு அரசாங்கம் அதில் 10 கோடி ரூபாய் கொடுத்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும்.

வைபவம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மற்ற கலாசாலைகளிலிருந்து வந்த பிரதிநிதிகள் அங்கிகள் அணிந்து ஊர்வலமாக வருவார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்ற சண்டைக்கு இடமில்லை. எந்தக் கலாசாலை முந்திப் பிறந்ததோ அதன் பிரதிநிதி முந்தி நடப்பார். மேடையில் புதிய தலைவரிடம் சில பொருள்கள் ஒப்படைக்கப்படும். இரண்டு வெள்ளிச் சாவிகள், முத்திரைகள், கலாசாலையின் முதல் நடவடிக்கைப் புத்தகம், 1650-ம் வருஷத்துச் சாசனம். பிறகு அவர் ஆசனத்தில் அமருவார்.

ஆசனம் என்றதும் தந்தமும் பட்டும் இழைத்த சிம்மாசனத்தை நினைத்துவிட வேண்டாம். முக்கோணமான பலகை, சுற்றிலும் கடைசல் பிடித்த கழிகள், முதுகிலே உறுத்தும் குமிழ்கள். அதில் சுகமாக உட்கார்ந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. 1737 முதல் 1769 வரை தலைவராயிருந்த எட்வர்டு ஹோலியோக் இதைக் கலாசாலைக்கு வாங்கினார் என்றும், முன்னங்கால்களின் மேலுள்ள குமிழ்களைத் தம் கையாலேயே கடைந்து பொருத்தினார் என்றும் சொல்கிறார்கள். தம் கைவேலையில் அவ்வளவு விருப்பமுள்ளவர் வீட்டு வேலைக்கு என்ன செய்தார் என்பதை, முற்றத்தின் ஓரத்திலுள்ள வாட்ஸ்வொர்த் வீட்டுச் சுவர் சொல்கிறது. அது 1726-ம் வருஷத்தில் தலைவர்கள் குடியிருப்பதற்காகக் கட்டிய மஞ்சள் நிற மரவீடு. டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா என்ற நான்கு அடிமைகள் அங்கே தலைவர்களின் உடைமையாக வாழ்ந்து உழைத்தார்கள் என்று 2016-ம் வருஷத்தில் ஒரு கல்வெட்டுப் பதித்திருக்கிறார்கள். பில்ஹாவும் ஜூபாவும் ஹோலியோக் காலத்தவர்கள். முற்றத்தில் நான் வெகு நேரம் நின்ற இடம் அதுதான்.

எல்லாத் தலைவர்களும் இப்படி மேளதாளத்தோடு பதவி ஏற்றதாகவும் எண்ணக்கூடாது. 1933-ம் வருஷத்தில் வந்த ஜேம்ஸ் கோனன்ட் ரஸாயன சாஸ்திரி, ஆடம்பரம் பிடிக்காதவர். 1708-ல் ஜான் லெவரெட் பதவியேற்றது போலவே சுருக்கமாக நடக்கட்டும் என்று, ஓர் அறைக்குள்ளேயே சில நிமிஷங்களில் காரியத்தை முடித்துக்கொண்டார். அந்தக் கோனன்ட் செய்த வேறொரு காரியத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒப்படைக்கும் பொருள்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது சாசனம். அதன் கதை ஒரு பள்ளிக்கூடக் கதையாகவே தொடங்குகிறது. கலாசாலையின் முதல் உபாத்தியாயர் நதானியேல் ஈட்டன் என்பவர். தமக்கு உதவியாக வந்தவரை வாதுமைக் கட்டையால் அடித்து நொறுக்கினார். மாணவர்களுக்கும் அதே சிகிச்சை. அவர் மனைவி போட்ட சாப்பாடோ அதைவிடப் பெரிய தண்டனை. விசாரணையில், கெட்ட மீனைப் பரிமாறியது வரையில் அந்த அம்மாள் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 1639-ம் வருஷத்தில் ஈட்டனை விலக்கினார்கள், மாணவர்களும் கலைந்துபோனார்கள். மறு வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹென்றி டன்ஸ்டர் என்ற முப்பது வயதுக்காரர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். மூன்று வாரத்துக்குள் அவரைத் தலைவராக்கிவிட்டார்கள். 'பிரஸிடெண்ட்' என்ற பட்டம் அவரிடமிருந்துதான் ஆரம்பம்.

டன்ஸ்டருக்குப் பதவியேற்பு விழா நடத்த அங்கே கலாசாலை என்று ஒன்று இருந்தால் அல்லவா? ஆரம்ப வருஷங்களில் எல்லாப் பாடங்களையும் அவர் ஒருவரே நடத்தினார். மாணவர்கள் சம்பளத்தைக் கோதுமையாகவும் கால்நடையாகவும் கட்டினார்கள். 1642-ம் வருஷத்தில் முதன்முதலாக ஒன்பது பேர் பட்டம் பெற்றார்கள். 1650-ம் வருஷத்தில் அவர் வாங்கிய சாசனம் தலைவர், பொக்கிஷதார், ஐந்து அங்கத்தினர் ஆகிய ஏழு பேரைக் கொண்ட 'கார்ப்பரேஷன்' ஒன்றை ஏற்படுத்தியது. குழாய்த் தண்ணீரும் குப்பை வண்டியும் நினைவுக்கு வரவேண்டாம்; கலாசாலையின் சொத்தையும் நிர்வாகத்தையும் காக்கும் சபை அது. அங்கத்தினர் தொகையை 2010-ம் வருஷத்தில் பதின்மூன்றாக உயர்த்தத் தீர்மானித்தார்களே ஒழிய, சபை இன்னும் அதே சபைதான். ஆங்கில வாலிபருக்கும் 'இந்திய' வாலிபருக்கும் கல்வி தருவது நோக்கம் என்று அச்சாசனம் கூறுகிறது. நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அது அந்நாட்டுப் பூர்வ குடிகளைக் குறித்தது. அவர்களுக்கென்று முற்றத்தில் ஒரு செங்கல் கட்டடமும் எழும்பிற்று. 1665-ம் வருஷத்தில் அவர்களில் கேலப் சீஷாடோமக் என்ற ஒருவர் பட்டமும் பெற்றார். பிறகு அந்தக் கட்டடத்தை இடித்துச் செங்கல்லை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சொந்த மண்ணில் அந்நியர் கட்டிய பள்ளிக்கூடத்தில் படிப்பது எப்படியிருக்கும் என்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கோனன்டுக்கு வருவோம். அவர் அணுகுண்டு வேலையில் பங்கெடுத்தவர். 1951-ம் வருஷத்தில் ஒரு கடிதம் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருக்கும் தலைவர்தான் திறக்க வேண்டும் என்று பத்திரக் காப்பகத்தில் ஒப்படைத்தார். 2007-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி பதவியேற்ற தலைவர் அந்தக் கடிதத்தைப் பற்றித் தம் பிரசங்கத்திலேயே சொன்னார். மூன்றாவது மகா யுத்தம் வந்து நகரங்கள் அழிந்துபோகலாம் என்ற பயம் கடிதத்தில் இருந்தது. ஆனால் இதைப் படிக்க ஒரு தலைவர் உயிரோடிருந்தால், கலாசாலையில் சுதந்திர சிந்தனையும், மாற்றுக் கொள்கையைச் சகிக்கும் குணமும் நிலைத்திருக்கும் என்று நம்பியிருந்தார். அவர் எதிர்பாராதது ஒன்றே. கடிதம் 'ஐயா' என்று ஆண்பிள்ளையை விளித்துத் தொடங்கியது; உறையைப் பிரித்தவரோ ட்ரூ பாஸ்ட் என்ற ஸ்திரீ, 371 வருஷத்தில் முதல் பெண் தலைவர். கோனன்டையும் குறை சொல்வதற்கில்லை. அவர் எழுதிய காலத்தில், முற்றத்திலுள்ள லாமான்ட் புத்தகசாலைக்குள் பெண்கள் நுழையவே முடியாது. 1967-ல்தான் கதவு திறந்தது.

2023-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி, கொட்டும் மழையில், ஹெய்ட்டி நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளான கிளாடின் கே அதே ஆசனத்தில் அமர்ந்தார். கறுப்பர் வகுப்பிலிருந்து வந்த முதல் தலைவர். வாட்ஸ்வொர்த் வீட்டிலிருந்த நான்கு அடிமைகளின் பெயர்களையும் அந்த மேடையிலேயே உச்சரித்தார். யூதத் துவேஷத்தைப் பற்றி அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன் டிசம்பரில் அவர் அளித்த பதில்களால் எழுந்த கண்டனமும், பிறர் எழுத்தைத் தக்கபடி குறிப்பிடாமல் எடுத்தாண்டார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து, 2024 ஜனவரி 2-ந் தேதி ராஜிநாமாவில் முடிந்தன. ஹார்வர்டின் சரித்திரத்திலேயே மிகக் குறுகிய பதவிக்காலம் அது. அவருக்குப் பின் வந்த ஆலன் கார்பர், மாணவர் சேர்க்கை, ஆசிரியர் நியமனம் முதலியவற்றில் மத்திய அரசாங்கம் விதித்த நிபந்தனைகளை 2025 ஏப்ரலில் மறுத்து எழுதினார். அன்றைக்கே 220 கோடி டாலருக்கு மேற்பட்ட மானியம் நிறுத்தப்பட்டது. நிறுத்தியது சட்டவிரோதம் என்று செப்டம்பரில் பாஸ்டன் நீதிபதி தீர்ப்பளித்தார்.

முற்றத்தைவிட்டு வெளியே வந்து, சாலையைக் கடந்தால் பழைய இடுகாடு. சாய்ந்த கற்பலகைகளுக்கு நடுவே புல் மண்டிக் கிடக்கிறது. சாசனம் வாங்கிய டன்ஸ்டரின் சமாதி இங்கே இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் செய்விப்பது வேதத்துக்குப் பொருந்தாது என்று அவர் முடிவு செய்து, 1653-ம் வருஷத்தில் பிறந்த தம் குழந்தைக்கு அதைச் செய்விக்க மறுத்தார். இக்காலத்து நமக்கு இது ஒரு சிறிய சங்கதியாகத் தோன்றலாம். அந்தக் குடியேற்றத்தில் அது ராஜத் துரோகத்துக்குச் சமானம். பாதிரிமார்கள் ஒன்பது பேர் கூடி அவரோடு இரண்டு நாள் வாதாடினார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் உத்தியோகம் நிலைத்திருக்கும். அவரோ, மாதா கோயிலில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் சமயத்திலேயே எழுந்து ஆட்சேபம் சொன்னார். 1654 அக்டோபரில் பதவியை விட்டார். பெரும்பாலும் தம் முயற்சியால் கட்டிய வீட்டையும் விட வேண்டியிருந்தது. மனைவிக்கு உடம்பு சரியில்லை, கடைசிக் குழந்தை பலத்த நோயில் கிடக்கிறது, பனிக்காலம் கழியும் வரையிலாவது இருக்க விடுங்கள் என்று மனுப் போட்டார். மார்ச்சு மாதம் வரையில் தவணை கிடைத்தது.

அவருக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட சார்லஸ் சான்ஸி என்பவருக்கும் ஞானஸ்நான விஷயத்தில் ஊராரோடு ஒத்த அபிப்பிராயம் கிடையாது. அந்த அபிப்பிராயத்தை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டார்; பதினேழு வருஷம் தலைவராக இருந்தார்.

டன்ஸ்டர் 1659-ம் வருஷத்தில் ஸிச்சுவேட் என்ற வேறு ஊரில் காலமானார். தம் உடலைக் கேம்பிரிட்ஜுக்கே கொண்டுவந்து புதைக்கும்படி கட்டளையிட்டிருந்தார் என்றும், தம்மை வெளியேற்றக் காரணமாயிருந்தவர்களுக்கே உயிலில் பங்கு வைத்திருந்தார் என்றும் காட்டன் மாதர் எழுதி வைத்திருக்கிறார். சமாதியிலிருந்து பார்த்தால், சாலைக்கு அப்பால், மாஸசூஸெட்ஸ் மாளிகையின் செங்கல் சுவர் மரங்களின் இடையே தெரிகிறது.