திண்ணையில் சாய்ந்து நின்ற சக்கரங்கள்

ஒரு சைக்கிளின் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும், அதுவும் வேறொருவர் ஓட்டிக் கழித்த சக்கரங்களுக்கு, 45,000 ரூபாய் என்று யாரேனும் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? நான் சொன்னதைத்தான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். "வீண் விரயம்!"

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடித்துக் குனியமுத்தூரில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பியபோது, தங்கை மகன் திண்ணையில் காத்திருந்தான். அவனருகே கன்னங்கரேலென்று இரண்டு சக்கரங்கள் சுவரில் சாய்ந்து நின்றன. மச்சான் சவூதியில் இருப்பதால் இத்தகைய வழக்குகள் என்னிடம்தான் வரும். "அண்ணன் சொன்னால்தான் கேட்பான், வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்" என்று தங்கை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டேன்.

பையன் கோபப்படவில்லை. சொந்த உழைப்பில் சம்பாதிக்கும் இருபத்து நான்கு வயது இளைஞன். ஞாயிறுதோறும் விடியலில் சைக்கிளில் புறப்பட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டி வருபவன். "மாமா, இது என்னவென்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்களே!" என்றான். அவ்வளவுதான். ஆனால் அது என்னைத் தைத்தது. விஷயத்தை அறியாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்று மதரஸாவில் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்பவன் நான். வாங்குவதற்கு ஒரு வாரம் தவணை கேட்கச் சொன்னேன். அந்த வாரம் முழுவதும் அவனிடமும், சைக்கிள் பழுதுபார்ப்பவர்களிடமும், புத்தகங்களிலும் கேட்டுப் படித்தேன். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவனுக்கு இயற்பியல் எளிதாக ஏறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் வியப்பு தந்தது, இந்தக் கார்பனும் நூல்தான் என்பது! நமது கோவையில் நூலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பளிச் சட்டை பின்னப் பயன்படும் அக்ரிலிக் வகையைச் சேர்ந்த இழையைக் காற்றுப் படாமல் 1,000 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டால், மற்றவையெல்லாம் ஆவியாகிப்போய்க் கரி மட்டும் இழையாக எஞ்சும். அதைத் துணியாக்கி, எபாக்சிப் பசையில் ஊறவைத்து, அச்சில் அடுக்கி வேகவைத்தால் ரிம் பிறக்கிறது. இழை மிகுந்த வெப்பத்தையும் தாங்கும், பசை தாங்காது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வையுங்கள்.

இனி, இதனால் என்ன பயன்? எடை குறையும் என்றான். அவன் பழைய சக்கரங்களைவிட இவை 400 கிராம் குறைவு. உடலும் சைக்கிளுமாக அவன் 75 கிலோ. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் ஏற அவனுக்கு இரண்டரை மணி நேரமாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். மிச்சமாவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு! அவனே சிரித்துவிட்டான். உண்மையான பயன் எடையில் இல்லை, காற்றில் இருக்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆழமான ரிம் அந்தக் காற்றை நயமாகப் பிளந்து செல்லும். சமதரையில் விரைந்து ஓட்டுபவனுக்கு இது மெய்யான ஆதாயமே. நான் நினைத்ததுபோல வெறும் பகட்டு அன்று.

ஆனால் நாம் இருக்கும் இடம் எது? மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த பாலக்காட்டு இடைவெளியின் வாயில் அல்லவா இருக்கிறோம்! தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்துதான் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அவன் கொண்டுவந்த ரிம்மின் ஆழமோ 50 மில்லிமீட்டர். பக்கவாட்டில் வீசும் காற்றுக்கு அது ஒரு பாய்மரம்.

தவணை வாரத்திலேயே ஒரு காலை, அவற்றை மாட்டிப் பார்க்கப் பொள்ளாச்சிச் சாலையில் போயிருக்கிறான். அச்சாலை தெற்கு நோக்கி ஓடுவது. காற்றோ மேற்கிலிருந்து, அதாவது வலப்புறமிருந்து அடிக்கிறது. காற்றை எதிர்த்துச் சற்று வலப்புறம் சாய்ந்தே ஓட்டியிருக்கிறான். கிணத்துக்கடவு அருகே ஒரு லாரி அவனைக் கடந்தது. லாரி காற்றை மறைத்த அந்த நொடியில் எதிர்க்க ஒன்றுமில்லாமல் சைக்கிள் லாரிப் பக்கமே இழுபட்டது! லாரி கடந்ததும் காற்று மீண்டும் அறைந்து, சாலையோர மண்ணில் கொண்டுபோய்த் தள்ளியது. விழவில்லை. அன்று மாலை இதை என்னிடம் சொன்னபோது அவன் குரல் சரியாக இல்லை. "அம்மாவிடம் சொல்லாதீர்கள் மாமா" என்றான். நானும் இன்றுவரை சொல்லவில்லை. அது சரிதானா என்ற கேள்வி என்னிடம் இருக்கிறது.

அனுபவசாலிகள் இதற்கு ஒரு வழி சொல்கிறார்கள். காற்று கைப்பிடியைத் திருப்புவது முன்சக்கரத்தின் வழியாகத்தான். ஆகவே முன்னால் ஆழம் குறைந்ததும் பின்னால் ஆழமானதுமாக மாட்டுவார்கள். நம் ஊரில் ஆடி முடியும்வரை முன்சக்கரம் 35 மில்லிமீட்டரைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது என் கருத்து.

காற்றையாவது சமாளிக்கலாம். மலையிறக்கம்தான் என்னை அச்சுறுத்தியது. அவனுடையது பழைய சைக்கிள். பிரேக் கட்டைகள் ரிம்மையே கவ்வுபவை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் 1,400 மீட்டருக்கும் மேல் இறங்குகிறான். 75 கிலோ அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். எஞ்சியது பிரேக் பிடிக்கப் பிடிக்க ரிம்மில் ஏறும். அலுமினியம் அந்தச் சூட்டை விரைவில் பரப்பி வெளியேற்றிவிடும். கார்பனில் சூடு பிடித்த இடத்திலேயே நிற்கும். அப்போது பசை இளகும். உள்ளிருந்து டயரின் அழுத்தம் ரிம்மின் சுவரை வெளியே தள்ளும். கொண்டை ஊசி வளைவில் இது நிகழ்ந்தால் என்னவாகும் என்று நான் எழுத வேண்டுமா?

டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் இந்த ஆபத்து இல்லை. அங்கே சூடேறுவது நடுவிலுள்ள இரும்புத் தட்டு, ரிம் அன்று. சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக் 2018-இல் முறைப்படி அனுமதிக்கப்பட்ட பின் புதியவை பெரும்பாலும் அவ்வகையே. அதனால்தான் பழைய வகைக் கார்பன் சக்கரங்கள் மலிவாகக் கைமாறுகின்றன. மலிவு என்றதும் மயங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதிதாக வாங்குவோருக்கும் ஒரு சொல். டயரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத 'ஹூக்லெஸ்' ரிம்கள் இப்போது மிகுதி. அவற்றில் சதுர அங்குலத்துக்கு 72.5 பவுண்டுக்கு மேல் காற்றடிக்கக் கூடாது. அந்த ரிம்முக்கு ஒப்புதல் பெற்ற டயரையே போட வேண்டும். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்துப் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஜென்ட்டின் டயர் இத்தகைய ரிம்மை விட்டுக் கழன்று, அவர் விழுந்த பின்னரே உலகெங்கும் இது பெரும் விவாதமாயிற்று. நம் பிள்ளைகளோ பழைய வழக்கத்தில் நூறு பவுண்டு அடிக்கிறார்கள்.

தவணையின் கடைசி நாள், சக்கரத்தைத் திண்ணையில் வைத்து, பிரேக் கட்டை உரசும் இடத்தை விரலால் தடவச் சொன்னேன். வால்வுக்கு எதிர்ப்புறம் விரல் ஒரு சிறு மேட்டில் ஏறி இறங்கியது. நாணயத்தால் சுற்றிலும் தட்டினோம். எங்கும் கணீரென்ற ஒலி; அந்த மேட்டில் மட்டும் ஈரமண்ணில் தட்டியது போல மந்தமாக ஒலித்தது. விற்க வந்தவர் மலையில் ஓட்டியதே இல்லை என்று உறுதி சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

அன்றே திருப்பிக் கொடுத்தான். அலுமினிய ரிம்மில் புதிதாக ஸ்போக்ஸ் கம்பி கோத்து, நல்ல டயர் போட்டு, மூன்றில் ஒரு பங்குச் செலவில் முடித்துக்கொண்டான். நான் விரயம் என்று சொன்னதால்தான் விட்டுவிட்டான் என்று தங்கை இன்றும் நம்பி, எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சென்ற வாரம் வந்திருந்தான். டிஸ்க் பிரேக் சைக்கிளுக்குப் பணம் சேர்ந்துவிட்டதாம். அதிலேயே கார்பன் சக்கரமும் வருகிறதாம். தங்கை என் முகத்தைப் பார்த்தாள்.

"ரிம் எவ்வளவு ஆழம்?" என்று கேட்டேன்.

"முப்பத்தைந்துதான் மாமா" என்றான்.