எதில் கால்?

புனேவுக்கு வந்து 12 வருஷம் ஆகிறது. பகல் முழுக்க ஆபீஸில் பொட்டி தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், இரண்டாவது ஷிஃப்ட் ஒன்று காத்திருக்கும். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் கணக்கு நோட்டு.

போன வாரம் வந்த கணக்கு இது. முக்கால் லிட்டர் எண்ணெய் இருக்கிறது. பாட்டிலுக்கு 1/8 லிட்டர் வீதம் ஊற்றினால் எத்தனை பாட்டில் நிரம்பும்? அம்மணி இரண்டையும் பெருக்கி 3/32 என்று எழுதியிருந்தாள்.

"முப்பத்திரண்டில் மூணு பாட்டிலா? அது எந்தக் கடைல கிடைக்கும்?" என்று நக்கலடித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"வகுத்தா சின்னதாயிடுமேப்பா. நிறைய பாட்டில் வரணும்னுதான் பெருக்கினேன்."

சுருக்கென்றது. நிறைய வரவேண்டும் என்பது வரை சரியாகத்தான் யோசித்திருக்கிறாள். முழு எண்களில் பழகிய பழக்கம் காலை வாரிவிட்டது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். 'ஆஃப்' வந்தால் பெருக்கு, 'லெஃப்ட்' வந்தால் கழி, 'ஈச்' வந்தால் வகு. நானும் இப்படிப் படித்து வந்தவன்தான், 'மீதி' என்று பார்த்ததும் கழித்துவிடுவேன். ஆனால் "கயிற்றில் கால் மீட்டர் வெட்டியபின் அரை மீட்டர் மீதி, முதலில் எவ்வளவு?" என்று கேட்டால்? மீதி என்ற வார்த்தை இருக்கிறது, கூட்டவேண்டியிருக்கிறது!

நோட்டை மூடிவிட்டு சமையலறைக்குப் போனோம். பாட்டிலில் 750 மில்லி தண்ணீர், தங்கமணியின் 125 மில்லி கப். ஊற்றி ஊற்றி எண்ணினாள். ஆறு.

"ஒரு லிட்டர் இருந்தா எத்தனை கப்?"

"எட்டு."

"முக்கால் லிட்டருக்கு?"

"எட்டுல முக்கால்... ஆறு! அதான் கவுத்துப் போட்டுப் பெருக்குறோமாப்பா?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை வருஷம் கவிழ்த்துப் பெருக்கியிருக்கிறேன், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் ஸ்கேலால் அடி விழும். அவளிடம் அதையும் சொன்னேன். அப்போதுதான் சிரித்தாள்.

ஊரில் ஆச்சி ஞாபகம் வந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி. "முக்கால் படி அரிசி இருக்கு, ஆளுக்கு ஒரு ஆழாக்கு, ஆறு பேருக்குக் காணும்" என்பாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். 3/4 வகுத்தல் 1/8 என்று அவளுக்குத் தெரியாது. உலையில் எதைப் போடுகிறோம் என்று தெரியும்.

கடைசியாக ஒன்று கேட்டேன். முக்கால் லிட்டரில் கால் லிட்டர் செலவானால் மீதி எவ்வளவு? அரை லிட்டர் என்றாள். சரி, அந்த முக்கால் லிட்டரில் கால் பங்கு செலவானால்? வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். "எதுல கால்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். முதலில் ஒரு லிட்டரில் கால், இப்போது முக்காலில் கால். பெருக்கினால் செலவு 3/16, கழித்தால் மீதி 9/16 லிட்டர். அவளே போட்டாள்.

நேற்று நோட்டைப் புரட்டினேன். பட்டியலை அடித்துவிட்டு, கீழே தமிழில் எழுதியிருக்கிறாள்: "எதிள் கால்?"

திருத்தவில்லை. அது இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் :)