ஆமைத் தீவில் ஆசிரியப் பயிற்சி

தாய்லாந்து வளைகுடாவிலே கோ தாவ் என்றொரு தீவு உள்ளது. அந்நாட்டார் மொழியில் ‘கோ’ என்பது தீவு; ‘தாவ்’ என்பது ஆமை. பரப்பு 21 சதுர கிலோமீட்டரே. 1899-ஆம் ஆண்டில் அங்கே வந்திறங்கிய மன்னர் சுலாலங்கோன், தம் பெயரின் முதலெழுத்துக்களை ஒரு பெரும்பாறையில் பொறித்துச் சென்றார். 1940-களில் அது அரசியல் கைதிகளை அடைக்கும் சிறைத் தீவாயிருந்தது. இன்றோ பல தேசத்து இளைஞர்கள் தாமே பணம் கட்டி அங்கே சென்று அடைபடுகின்றனர்! கடலடியில் மூச்சு விடப் பழகுவோர் ஒரு சாரார். அதனைப் பிறர்க்குக் கற்பிக்கும் ஆசிரியராகப் பயில்வோர் மற்றொரு சாரார். ஐம்பதுக்கு மேற்பட்ட முக்குளிப்புப் பள்ளிகள் அச்சிறு தீவில் நடைபெறுகின்றன.

கரக்பூரில் புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் எனக்கும் அத்தீவுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் வினவலாம். சம்பந்தம் என் மைத்துனன் வழியாக வந்தது. பெங்களூரில் நல்ல உத்தியோகத்திலிருந்த அவன், அந்தமானில் ஸ்வராஜ் தீவுக்கு (2018 வரை ஹேவ்லாக் என்று பெயர் பெற்றிருந்ததுதான்) உல்லாசமாகச் சென்றான். ஸ்கூபா கட்டிக்கொண்டு ஒருமுறை நீருள் இறங்கினான். பிறகு அவன் மனம் கரையேறவே இல்லை. உத்தியோகத்தை விட்டான், டைவ் மாஸ்டர் என்னும் படிவரை தேறினான். இனி ஆசிரியராக வேண்டும், அதற்கு வெளிநாடு செல்ல வேண்டும் என்றான். பணமோ என் மாமனாரின் சேமநிதி. “ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், இவன் ஆழத்தைத் தெரிந்துகொள்ளவே காலை விடுகிறேன் என்கிறானே!” என்று மாமியார் அங்கலாய்த்தார். வரவு செலவு பார்ப்பவன் என்ற காரணத்தால், எந்த ஊர் தகும் என்று ஆராயும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் பட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, காஞான் என்னும் இருவர், முக்குளிப்போன் மூச்சிழுக்கும்போது மட்டும் வேண்டிய அளவு காற்றை விடும் கருவியைச் செய்தனர். அதனால்தான் இத்தொழில் பிறந்தது. கற்பித்தலுக்கு ஒழுங்கு வகுக்கும் சங்கங்கள் பல. அவற்றுள் 1966-இல் அமெரிக்காவில் தோன்றிய பி.ஏ.டி.ஐ. என்பதன் சீட்டையே என் மைத்துனன் நாடினான். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 60 முறையேனும் முக்குளித்திருந்தால் பயிற்சியில் சேரலாம். 100 முறை முக்குளித்திருந்தால்தான் தேர்வில் அமரலாம். மருத்துவர் கையொப்பமும் வேண்டும். பயிற்சி ஏறத்தாழ இரண்டு வாரம். அதன் பின்னர் நடக்கும் தேர்வைப் பயிற்றுவித்த பள்ளி நடத்துவதில்லை. சங்கம் அனுப்பும் தேர்வாளரே வந்து நடத்துகிறார். எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 75 எடுத்தாக வேண்டும்.

ஆகவே, எந்தக் கடலில் தேறினாலும் சீட்டு ஒன்றே. மெட்ரிகுலேஷன் தேர்வை மதுரையில் எழுதினால் என்ன, மணப்பாறையில் எழுதினால் என்ன? “எங்கள் தீவின் பட்டத்திற்குத் தனி மதிப்பு” என்று எழுதும் விளம்பரங்களை அன்றே ஒதுக்கி வைத்தேன்.

அப்படியானால் ஊரைத் தேர்வதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டாவில் நீர் தெளிவு, ஆங்கிலம் வழக்குமொழி. ஆயினும் குளிர்காலத்தில் நீரின் வெப்பம் 15 டிகிரிக்கு இறங்கிவிடும், ஷெங்கன் விசாவும் பெற வேண்டும். எகிப்தில் தஹாப் என்னும் ஊர் கரையிலிருந்தே ஆழத்தில் இறங்கக்கூடிய இடம். அங்குள்ள நீலக்குழி பல உயிர்களைப் பலி கொண்டது என்று தெரிந்தபின் மாமியார் முன்னிலையில் அவ்வூரின் பெயரை நாங்கள் எடுக்கவில்லை. ஹாண்டுராஸ் நாட்டு ஊத்திலா மலிவுக்குப் பெயர் பெற்றது. ஆனால் போய்ச் சேரும் செலவு அம்மலிவை விழுங்கிவிடும். இந்தோனேசியாவில் லொம்போக்கை அடுத்த கிலி திராவாங்கானில் மோட்டார் வண்டியே கிடையாது, குதிரை வண்டிதான். எனக்கு மிகவும் பிடித்த ஊர் அது. கட்டணம் கட்டுபவன் நான் அல்லனே!

இப்பயிற்சி நம் நாட்டிலும் கிடைக்கிறது, அதை மறைப்பானேன்? ஆயினும் காலண்டரை விரித்தபோதுதான் வழி புலப்பட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அந்தமானில் கடல் கொந்தளிக்கும், வருவோர் குறைவர். அதே மாதங்களில் கோ தாவ் அமைதியாயிருக்கும். இடையிலுள்ள தீபகற்பத்து மலைகள் அக்காற்றைத் தடுத்துவிடுகின்றன. அங்கே காற்றும் மழையும் மிகுவது நவம்பர் வாக்கில். மழைக்காலத்தில் அங்கே பயின்று, அக்டோபரில் அந்தமானின் பருவம் தொடங்கும்போது இங்கே வேலைக்கு வந்து நிற்கலாம். இரண்டு வண்டிகள் ஒரு சந்திப்பில் இணைவதுபோல் பொருந்தியது. மேலும் இரு கடல்களும் வெப்பக் கடல்களே. பயின்ற நீருக்கும் பிழைக்கும் நீருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கண்ணால் கண்டு வருக என்று மாமனார் எங்கள் இருவரையும் சென்ற ஆகஸ்டில் அனுப்பினார். கல்கத்தாவிலிருந்து பாங்காக்குக்கு விமானம் இரண்டரை மணி. அங்கிருந்து சும்போன் நகருக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர், இரவு வண்டி. 2023 முதல் தொலைதூர வண்டிகள் பலவும் புறப்படும் குருங் தெப் அபிவாத் நிலையம் அரண்மனைபோல் விளங்குகிறது. ஆனால் இருப்புப்பாதை, எழும்பூரில் ஒரு காலத்தில் நாம் கண்ட அதே மீட்டர் கேஜ். சிப்பந்தி வந்து இருக்கையைப் படுக்கையாக மாற்றி, வெள்ளை விரிப்பும் விரித்துத் தருகிறார். ஏறத்தாழ ஒன்றரை மணியில் நோங் பிளாதுக் என்னும் சந்திப்பு வருகிறது. 1942, 43-இல் ஜப்பானியர் பர்மாவுக்கு இட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதை அங்கேதான் தொடங்கிற்று. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழர் பல்லாயிரவர் அப்பாதையில் மாண்டனர். வண்டி அங்கே நிற்கும் என்று எழுந்து உட்கார்ந்திருந்தேன்; நிற்காமலே போய்விட்டது.

சும்போனிலிருந்து விரைவுப் படகில் இரண்டு மணி நேரம். தீவில் இறங்கியதும் பசி. மீன்குழம்புச் சாறு படாத உணவு கிடைப்பது அரிது. ‘ஜே’ என்று சொன்னால் மீனும் முட்டையும் சேராத சைவ உணவு தருவார்கள். ஆனால் அதில் வெங்காயம், பூண்டும் இராது.

பள்ளிகள் சிலவற்றில் ஏறி இறங்கினோம். ஓரிடத்தில் சொன்ன கட்டணத்தில் தேர்வுக் கட்டணமும், புத்தகங்களும், சங்கத்தின் சந்தாவும் சேரவில்லை; மூன்றையும் கூட்டினால் தொகை வேறு முகம் காட்டியது. இன்னோரிடத்தில், “தேர்வு முடிந்ததும் இங்கேயே வேலை; சுற்றுலா விசாவே போதும்” என்று ஆசை காட்டினார்கள். தொழில் அனுமதி பெறாமல் அயல்நாட்டார் அங்கே வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் பள்ளி வேறு ஆளைத் தேடிக்கொள்ளும். பையன் என்ன செய்வான்? அவ்விடத்தை விட்டு உடனே வெளியேறினோம்.

மூன்றாம் நாள் ஒரு சிறு பள்ளியின் நீச்சல் குளத்தருகே அமர்ந்திருந்தோம். பயிற்சி பெறும் நால்வருள் ஒருவர் ஆசிரியர். மற்றவர் மாணாக்கர்போல் நடிக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளரான கோர்ஸ் டைரக்டர் அவருக்குத் தெரியாமல் மற்றவர்க்குச் சைகை காட்டி, இன்ன தவற்றைச் செய் என்கிறார். ஆசிரியராயிருந்தவர் முகமூடியில் புகுந்த நீரை வெளியேற்றும் முறையை அழகாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அவ்வேளையில் ஒருவர் மூச்சை அடக்கியவாறு மெல்ல மேலே மிதந்தார். ஆசிரியர் பார்க்கவில்லை. கரையிலிருந்த நான் பார்த்தேன்.

மேலே வந்ததும் கோர்ஸ் டைரக்டர் கடிந்து பேசவில்லை. “இது கடலாயிருந்தால்?” என்று மட்டும் கேட்டார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால், நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காய் விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். தூத்துக்குடியில் 1961 வரை முத்துக் குளித்த நம்மவர்க்கு மூச்சடக்குவதே வித்தை; அவர்கள் மேலிருந்து கொண்டுபோன மூச்சோடு திரும்பினார்கள். இங்கேயோ மூச்சடக்காமையே முதற்பாடம். பி.ஏ.டி.ஐ. விதிப்படி தொடக்க மாணாக்கர் எட்டுப் பேர் வரை கடலில் ஓர் ஆசிரியரிடம் விடப்படலாம். எட்டுப் பேரின் மூச்சு! அதுவரை தொழில், சம்பளம், தீவு என்றே பேசி வந்த மைத்துனன் அன்று மாலை முழுதும் வாய் திறக்கவில்லை. இரவு உணவின்போது, “அத்தான், இந்த இடமே போதும், மற்றப் பள்ளிகளைப் பார்க்க வேண்டாம்” என்றான்.

அப்பள்ளியில் ஒரு தொகுதிக்கு நால்வர்க்கு மேல் சேர்ப்பதில்லை. கட்டணம் நாங்கள் கண்டவற்றுள் குறைந்ததன்று. ஆனால் தேர்வும் சந்தாவும் உட்பட எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்கள். வரும் ஜூன் மாதத் தொகுதியில் இடம் பெற்றிருக்கிறான். பாதித் தொகையை மாமனார் தந்துவிட்டார். மறுபாதியை அவனே ஸ்வராஜ் தீவில் ஏப்ரல் வரை உழைத்துச் சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. சென்ற மாதம்வரை கணக்குச் சரியாக வந்துகொண்டிருக்கிறது.