கொள்ளைநோய்க் காலத்து நிதானம்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் நிதானம் காப்பது மனத்திண்மை படைத்த சிலருக்கே இயலும் என்று கருதப்படுவதுண்டு. ஆயினும், நோய் எவ்வழியே வருகிறது, அதனை எங்கே தடுக்கலாம் என்று அறிந்த எவருக்கும் அது கைகூடும் என்பதை, 1994 செப்டம்பரில் குஜராத்தின் சூரத் நகரைத் தாக்கிய பிளேக் நோயின் வரலாறு உணர்த்துகிறது.

பிளேக் பாக்டீரியாவால் உண்டாகும் நோய். எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சி கடிப்பதால் வரும் வகையில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். நுரையீரலைப் பற்றும் வகையோ, நோயாளி இருமும்போது தெறிக்கும் நீர்த்துளிகளின் வழியே அருகிலிருப்போரைத் தொற்றும். பின்னது, மருந்தின்றி விடப்பட்டால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

சூரத்தில் பரவியது இந்த நுரையீரல் வகை என அறிவிக்கப்பட்டது. செய்தி பரவிய சில நாட்களிலேயே, விசைத்தறிக் கூடங்களிலும் வைரம் பட்டைதீட்டும் பட்டறைகளிலும் பிழைக்க வந்திருந்த தொழிலாளர் உட்பட இலட்சக்கணக்கானோர், கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, கிடைத்த ரயிலிலும் பேருந்திலும் ஏறி ஊரைவிட்டு வெளியேறினர்; தனியார் மருத்துவர் பலரும் தம் மருத்துவமனைகளைப் பூட்டிவிட்டுச் சென்றனர். மருந்துக்கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரைகள் தீர்ந்துபோயின. நோயாளிக்கும் அவருடன் நெருங்கிப் பழகியோருக்கும் மருத்துவர் அளவறிந்து தரவேண்டிய மருந்து, நோயாளியைக் கண்ணாலும் காணாதோரின் வீடுகளில் முடங்கியது. ஆளோடு ஆள் நெருக்கியடித்து நிற்கும் ரயில்பெட்டியே இருமலால் தொற்றும் நோய்க்கு வாய்ப்பான இடம் என்பதை அச்சம் மறக்கச் செய்தது. எனினும் ஓடியவர்களைப் பழிப்பது நியாயமாகாது. நம்பத்தக்க தகவல் உரிய நேரத்தில் எட்டாதபோது வதந்தியே எளியோருக்கு வழிகாட்டியாகிவிடுகிறது.

உயிரிழந்தோர் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டவர்களே. ஆயினும் நகரின் தொழிலும் நாட்டின் வணிகமும் அடைந்த இழப்பு மிகப் பெரிது. நீடித்த காவல் அதன் பின்னரே வந்தது. 1995இல் மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ராவ், குப்பை நாள்தோறும் அகற்றப்படுவதை உறுதிசெய்து, அதிகாரிகளை அறையைவிட்டுத் தெருவுக்கு அனுப்பி, உணவகங்களின் தூய்மையைக் கண்காணித்து, ஓரிரு ஆண்டுகளிலேயே சூரத்தை நாட்டின் தூய்மையான நகரங்களுள் ஒன்றாக்கினார்.

எனவே, நோய் பரவும் செய்தி வந்ததும் ஒவ்வொருவரும் முதலில் கேட்டறிய வேண்டியது அது பரவும் வழியையே. மூச்சால் பரவுவதாயின் முகக்கவசமும் காற்றோட்டமும், நீரால் பரவுவதாயின் காய்ச்சி ஆறவைத்த குடிநீரும், கொசுவால் பரவுவதாயின் தேங்கிய நீரை அகற்றுவதும் காக்கும். காய்ச்சலை மறைக்காமல் மருத்துவரை நாடுங்கள், மருந்தைப் பதுக்காதீர்கள், உறுதிசெய்யாத செய்தியை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.